ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்ட டிஸ்க்

கல்யாண வீடியோ மிக்சிங் தொழிலில், ஊரே பந்தி முடித்துப் பந்தலைப் பிரித்த பிறகுதான் நமக்குக் கல்யாண வேலை ஆரம்பிக்கும்.

கேமராக்காரர்கள் எடுத்துக்கொண்டு வருகிற படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, நடுநடுவே பூ விழ வைத்து, வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கித் தருவதற்குத்தான் மிக்சிங் என்று பெயர். திண்டிவனத்தில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியில் அந்தக் கடையை நான் நடத்தினேன். தொண்ணூறுகளில் கேசட், பிறகு சிடி, பிறகு டிவிடி. அதுவரைக்கும் பிழைப்பு ஒழுங்காகத்தான் போனது. கையில் தூக்கிக்கொண்டு போகிற ஹார்டு டிஸ்க் வந்ததும் பிடித்தது சனி.

அந்தச் சனி உங்களையும் பிடித்திருக்கும். ஒரு கம்ப்யூட்டரில் நிறைத்த டிஸ்க்கை இன்னொன்றில் செருகியிருப்பீர்கள். அது கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்துவிட்டு, ‘இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் பண்ண வேண்டும், பண்ணட்டுமா?’ என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கும். ஏன் அப்படிக் கேட்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு மல்லாட்டை மண்டியை, அதாவது வேர்க்கடலை மண்டியை வைத்துத்தான் சொல்லுவேன். ஒவ்வொரு மண்டியிலும் மூட்டை அடுக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு மண்டி ஆளை இன்னொரு மண்டிக் கிடங்கில் விட்டால், அவனுக்கு அந்த அடுக்கு புரியாது. புரியவில்லை என்று சொல்லாமல், ‘கிடங்கு காலியா கீது, கழுவி விட்டுடட்டுமா?’ என்பான். கம்ப்யூட்டரும் அந்த ஆள்தான். நீங்கள் சரி என்றால் கழுவி விட்டுவிடும். உள்ளே மூட்டை இருந்ததா என்று பிறகு விசாரித்துப் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது முடிச்சு

மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவர் தன் பெண்ணுக்கு மயிலம் மலைக்கோயிலில் கல்யாணம் செய்தார். படம் எடுத்தது ஏழுமலை அண்ணன். கெடார்க்காரர், என் கடைக்கு வருகிற வேலையில் பாதி அவர் கொண்டுவருவதுதான். மண்டிக்காரர் வீட்டில் அப்போது புது டிவி வாங்கியிருந்தார்கள். டிஸ்க்கை நேராக டிவியிலேயே செருகிப் பார்க்கலாம் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அந்த டிவிக்குத் தெரிந்ததோ ஃபேட் தர்ட்டி டூ என்கிற பழைய அடுக்கு ஒன்றுதான். அந்த அடுக்கில் நாலு ஜிபிக்கு மேலே ஒரே ஃபைலாக எதையும் வைக்க முடியாது. கல்யாணமோ அதைவிடப் பெரியது. அதனால் துண்டு போட்டுக் கொடுத்தேன். துண்டு போடுகிற சாஃப்ட்வேர் எடையைப் பார்க்குமே தவிர முகூர்த்தம் பார்க்காது.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே மண்டிக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை தாலியைக் கட்டுகிறார், ஒரு முடிச்சு, இரண்டாவது முடிச்சு, படம் நின்று திரையில் ஃபைல் பெயர்கள் வந்துவிட்டன. அடுத்த துண்டைத் தட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தயாராக நின்றேன். அவர் சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “ரெண்டு முடிச்சோட நின்னுபோச்சும்மா. எங்க வீட்ல அதுலருந்து சாப்பிடாம குந்திக்கினு இருக்குது. மூணாவது முடிச்சு எங்கம்மா இருக்குது?”

பஸ்ஸில் வந்த டிஸ்க்

கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் பாட்டோடு சேர்ந்த ஒரு சின்னப் படத்தைச் சென்னையில் செய்து வாங்குவோம். டிஸ்க்கை ஸ்வீட் டப்பாவில் வைத்து நூல் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்வான். திரும்பி வருவதும் அப்படித்தான். சென்னைக்காரரிடம் இருந்தது ஆப்பிள் கம்ப்யூட்டர். ஒருமுறை எங்கள் டிஸ்க்கில் ஏதோ தகராறு என்று தன்னுடைய டிஸ்க்கிலேயே எல்லாவற்றையும் போட்டு அனுப்பிவிட்டார். அதன் அடுக்கு வேறு. எங்கள் விண்டோஸுக்கு அது கலங்கின தண்ணீர் மாதிரி, உள்ளே ஒன்றுமே தெரியாது.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணன் பஸ்ஸிலிருந்து வாங்கிவந்த டிஸ்க்கை அவரே செருகினார். வழக்கமான கேள்வி வந்தது. அம்பை ‘சரி’ மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். எச்சில் கையோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். உள்ளே இருந்தது அவருடைய சொந்தத் தங்கையின் கல்யாணம். அதைச் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றுகொண்டார். அன்றைக்கே ஒரு அட்டையில் ‘எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லவும்’ என்று பெரிதாக எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினேன். வெளியே போகிற ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதையே சின்னதாக எழுதி ஒட்டுவது என்றும் வைத்துக்கொண்டேன். ஏழுமலை அண்ணன் அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்: “கதவு தொறக்கத் தெரிலன்னா தெரிலன்னு சொல்லணும். வூட்ட இடிச்சுடட்டுமான்னு கேட்டுக்கினு இருக்குது பாரு, இதுக்கெல்லாம் யாரு வேலை கத்துக் குடுத்தாங்க?”

மணப்பெண் இருந்த அறை

ஏழுமலை அண்ணன்தான் ஜைத்தூன் அக்காவை அழைத்து வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். கணவர் ஷாகுல் பாய் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். ஒரே பெண் நஸ்ரினுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் பார்ப்பதற்காக மட்டும்தான் வீடியோ. ஆண்கள் பக்கத்தை ஏழுமலை அண்ணன் எடுக்கலாம். மணப்பெண் இருக்கிற அறையைப் பெண்தான் எடுக்க வேண்டும், பெண்தான் மிக்சிங் பண்ண வேண்டும், வேறு ஆண் கண்ணில் படக்கூடாது. வெளியே கூடத்தில் இருக்கிற மற்றப் பெண்களை எடுக்கவே கூடாது. புதுச்சேரியில் அத்தனை ஸ்டுடியோ இருந்தும் அக்கா திண்டிவனம் வரைக்கும் வந்ததற்கு, கேமராவும் மிக்சிங்கும் தெரிந்த பெண்ணாக நான் இருந்ததுதான் காரணம். இதற்கிடையில் ஷாகுல் பாயும் என்னிடம் போனில் பேசினார். பாட்டு வேண்டாம், பூ விழ வேண்டாம், எங்கேயும் வெட்டாமல், தான் அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார்.

சம்மதம் கேட்கிற நேரத்தில், நஸ்ரின் அத்தா என்று கூப்பிடுகிற அப்பாவுக்குப் போன் போட்டு அவள் காதில் வைப்பது என்று ஏற்பாடு. ஜைத்தூன் அக்கா போட்டுக்கொண்டே இருந்தார், லைன் போகவே இல்லை. அந்தப் பக்கம் அவரும் வேலைக்குப் போகாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம், அது பிறகு தெரிந்தது. ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஷாகுல் பாயின் தம்பி திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். நஸ்ரின் தலை குனிந்தபடியே இருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் சம்மதம் சொன்னாள், கையெழுத்தும் போட்டாள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவள் தலையை நிமிர்த்தி ஒன்று கேட்டாள். ‘கேட்டாச்சு, கேட்டாச்சு’ என்று சுற்றியிருந்த பெண்கள் நல்ல மனதோடு சொன்னார்கள், ஜைத்தூன் அக்கா மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கேமராவில் அவள் கேட்டது தெளிவாகப் பதிந்திருந்தது: “அத்தாகிட்ட கேட்டீங்களா?”

கண் முன்னால் அழித்தது

மிக்சிங் நடந்தபோது ஜைத்தூன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். இதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். தூரத்தில் தனியாக இருக்கிற மனுஷர், மகள் இப்படிக் கேட்டாள் என்று தெரிந்தால் மனசு தாங்குமா என்று எனக்குக் கவலை. அக்கா, வெட்ட வேண்டாம், அவள் கேட்டது அவர் காதில் விழட்டும் என்றார். அதனால் மணப்பெண் அறை முழுவதையும் ஒரே ஃபைலாக வைத்தேன். ஒரே ஃபைல் என்றால் பழைய அடுக்கு தாங்காது, ஆகவே டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் என்கிற புது அடுக்குக்கு மாற்றினேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்க்கலாம் என்றேன். ‘எது கேட்டாலும் வேண்டாம்’ சீட்டையும் டிஸ்க்கின் முதுகில் ஒட்டினேன்.

பிறகு அந்த வீட்டு வழக்கப்படி என் கம்ப்யூட்டரில் இருந்ததை அக்கா கண் முன்னால் அழிக்க வேண்டும். கேமரா கார்டையும் அழிக்க வேண்டும். முன்பு கேசட் இருந்தபோது நாடாவை உருவி நெருப்பில் போட்ட வீடுகளும் உண்டு என்பதால் எனக்கு இது புதிதில்லை. ஒரு பிரதி பத்திரமாக வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டேன். என்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நான் இல்லாத நேரத்தில் கடையில் யார் இருப்பார்களோ என்று தயங்கினார். அது நியாயம்தான். அழித்தேன். மறுவாரம் வளைகுடாவுக்குப் புறப்பட்ட ஊர்க்காரர் ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்துவிடுவதாக இருந்தார்கள். துணிப்பையில் வைத்துக்கொண்டு எழுந்த அக்கா, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். திரையில் ஓரமாக இருந்த படத்தைக் காட்டிச் சொன்னார்: “அந்தக் குப்பைத்தொட்டிலயும் ஒரு தபா பார்த்துடும்மா, அதுல ஏதாவது ஒட்டிக்கினு இருக்கப் போவுது.”

அரபியில் வந்த கேள்வி

ஷாகுல் பாய் இருந்த அறையில் கம்ப்யூட்டர் கிடையாது. டிவியும், அதோடு சேனல் வாங்குகிற ஒரு பெட்டியும்தான். பெட்டியில் டிஸ்க் செருகுகிற இடம் இருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்த நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். நீங்களும் நானும் கூடப் பொறுத்திருக்க மாட்டோம். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டிஸ்க்கைப் பெட்டியில் செருகினாராம். அந்தப் பெட்டிக்கு என் புது அடுக்கு தெரியவில்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டது, ஆனால் அரபியில் கேட்டது. அவருக்கு அரபி நன்றாகப் பேச வரும், படிக்க வராது. நான் ஒட்டிய சீட்டைப் படித்திருந்தார். ஆனால் அது கம்ப்யூட்டருக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டார், டிவிப் பெட்டிக்கு என்று நினைக்கவில்லை.

அவர் எனக்குப் போன் செய்தபோது என்ன நடந்தது என்று அவருக்கே முழுசாகத் தெரியாது. ரிமோட்டில் ஓகே அழுத்தியதும் கொஞ்ச நேரம் ஒரு கோடு நீண்டு நீண்டு போனது, நிறைந்ததும் டிஸ்க் காலி என்று காட்டியது, பிறகு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த சேனலை அதில் பதிய ஆரம்பித்துவிட்டது, பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன் என்றார். வேறு எதிலும் செருகாதீர்கள், அப்படியே துணியில் சுற்றி வையுங்கள், ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். போகாது, எடுத்துவிடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. ஏன் அழுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “என்னமோ கேட்டுச்சும்மா. பொண்ணு கல்யாணத்தக் காட்டட்டுமான்னு கேட்குதுன்னு நெனச்சேன். சரின்னுட்டேன்.”

முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

டிஸ்க் திரும்பி வருவதற்குள் ஜைத்தூன் அக்கா பாதியாகிவிட்டார். ஆண்கள் பக்கம் ஏழுமலை அண்ணனிடம் அப்படியே இருந்தது. ஆனால் அதில் மாப்பிள்ளை இருக்கிறார், பிரியாணி இருக்கிறது, பெண் இல்லை. விழுப்புரத்தில் சேகர் என்று ஒருவர் அழிந்த டிஸ்க்குகளை மீட்டுத் தருவார். நானும் அக்காவும் அவரிடம் போனோம். அவர் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு நல்ல சேதிதான் சொன்னார். ஃபார்மேட் என்பது மூட்டைகளின் விலாசத்தைத்தான் அழிக்கிறது, மூட்டை அங்கேயேதான் கிடக்கும், மேலே வேறு சரக்கு விழுந்த இடம் மட்டும்தான் போகும். வைத்துவிட்டுப் போங்கள், எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். திறந்து பார்த்துவிட்டு என்றதும் அக்கா டிஸ்க்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சேகர் சிரித்திருக்கலாம், இல்லை வேறு இடம் பாருங்கள் என்றிருக்கலாம். அவர் எழுந்து, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துத் தெருவைப் பார்த்தபடி போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிப்பேன், எதை அழுத்த வேண்டும் என்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். பகல் பூராவும் அப்படியே போனது. கடைக்கு வந்தவர்கள், பொண்டாட்டியிடம் கோபித்துக்கொண்ட மாதிரி இவர் ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் மீண்டது யாரோ ஆடிய கால்பந்து. பெட்டி பதிந்த சேனல் அது. மணப்பெண் அறையின் ஆரம்பப் பகுதி அதற்கடியில் போய்விட்டது, மருதாணிக் கையும் மாலையும் வந்த இடம் திரும்பி வரவே இல்லை. மதியத்துக்கு மேல் தலைப்பகுதி இல்லாத ஒரு பெரிய ஃபைல் வந்தது. திறந்தால் கட்டம் கட்டமாக உடைந்த படம், பிறகு மெல்லத் தெளிந்து நஸ்ரின் முகம். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தத்தை அடைப்பதற்குள் பெண்கள் குரல் கேட்டுவிட்டது. சேகர் உடனே எழுந்து, குரலும் கேட்கக்கூடாதில்லையா, நான் வெளியே போய் நிற்கிறேன் என்றார். மீண்ட ஃபைலை எப்படிச் சேமிப்பது என்று அவர் எனக்கு இன்னும் சொல்லித் தரவில்லை. அக்கா அழுதுகொண்டே அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்: “திரும்பிடாதீங்க தம்பி. ஆனா போயிடாதீங்க.”

பதில்

மீண்ட ஃபைலுக்குத் தலை இல்லாததால் அது எல்லாவற்றிலும் ஓடாது. டிவியில் ஓடவில்லை, நஸ்ரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, சேகர் கடையை விட்டால் என் கடையில் இருந்த மிக்சிங் சாஃப்ட்வேரில் மட்டும்தான் ஓடியது. அதை எல்லாவற்றிலும் ஓடும்படி மாற்றித் தருகிறேன், எந்தப் பெட்டிக்கும் பொருந்துகிற அடுக்கில் போட்டு அனுப்புகிறேன் என்று ஷாகுல் பாயிடம் போனில் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். இன்னொரு தடவை எந்தப் பெட்டியிலும் செருகுவதற்குத் தைரியம் இல்லை, லீவு கிடைக்கும்போது நானே வந்து பார்த்துக்கொள்கிறேன், அதுவரைக்கும் நீங்களே வைத்திருங்கள் என்றார். இந்தத் தடவை ஜைத்தூன் அக்கா என்னை எதையும் அழிக்கச் சொல்லவில்லை. தனி டிஸ்க்கில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவர் வந்தார். விமானத்தில் இறங்கி வீட்டுக்குப் போய் இரண்டாம் நாளே மூன்று பேரும் திண்டிவனம் வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஏழுமலை அண்ணன் மாடி ஏறவில்லை, கீழேயே நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஷாகுல் பாய் மெலிந்த மனுஷர். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். ஒரு பக்கம் நஸ்ரின், மறுபக்கம் அக்கா. ஆரம்பம் போய்விட்டது பாய், நடுவிலிருந்துதான் வரும் என்றேன். பஸ் லேட்டானால் நடுவில்தானே போய்ச் சேருவோம் என்றார்.

படம் ஓடியது. உடைந்த கட்டங்கள் தெளிந்து மகள் முகம் வந்ததும் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. நிஜ நஸ்ரின் பக்கத்திலேயே இருந்தாள், அவர் அவளைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது. அந்த இடம் வருகிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தலாமா என்று அக்காவைப் பார்த்தேன், அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். நஸ்ரின் நிமிர்ந்து, அத்தாகிட்ட கேட்டீங்களா என்றாள். கேட்டாச்சு, கேட்டாச்சு என்றார்கள் பெண்கள். அக்கா கையில் போனோடு ஓரத்தில் நிற்பதும் தெரிந்தது.

ஷாகுல் பாய் கையை உயர்த்தினார். நான் படத்தை நிறுத்தினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. யாரோ நிஜமாகவே கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைப்போல, திரையில் நிமிர்ந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த நஸ்ரின்தான் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் சொன்னது இதுதான்: “அன்னிக்கி யாரும் கேட்கலம்மா, லைன் கெடைக்கல. இப்பக் கேட்டுட்ட இல்ல? எனக்குச் சம்மதம்.”

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டுகொண்டது, மெஷின் எதை அழிப்பதற்கு முன்னாலும் நம்மை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது, மனுஷர்கள்தான் கேட்காமலேயே ‘கேட்டாச்சு’ என்று சொல்லிவிடுகிறோம்.